ஷூவுக்கு வெளிச்சம், தொட்டிக்கு இருட்டு

திருப்பத்தூர் மாவட்டத்தைப் பத்தி டிவியில ஒரு தொழில் செய்தி வந்தா என்ன காட்டுவாங்கன்னு பார்க்காமலே சொல்லிடலாம். ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனி. வெளிச்சமான ஹால், வரிசையா தையல் மிஷின், ஒரே கலர்ல கோட்டு போட்ட பெண்கள். நடுவுல அமைச்சரோ வெளிநாட்டுக்காரரோ ஒரு ஷூவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கீழே ‘உலகத் தரம்’னு எழுத்து ஓடும்.

பொய்யில்ல, அந்த ஹால் இருக்கு. ஆனா ஷூவுக்கான தோல், பச்சைத்தோலைப் பதப்படுத்துற டேனரியில இருந்து வருது. உப்பு போட்ட பச்சைத்தோலை ஊறவெச்சு, சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் போட்டு முடியைக் கழட்டி, அப்புறம் அமிலம் கொடுத்து, டிரம்ல குரோமியத்தோட சுத்த விட்டா நீலமா வெளிய வரும். ‘வெட் ப்ளூ’ம்பாங்க. இதுவும் தொழில்நுட்பம்தான். சொல்லப்போனா கஷ்டமான வேதியியல் முழுக்க இங்கதான். 1948-ல சென்னை அடையாறுல தொடங்கின மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இத்தனை வருஷமா மண்டையை உடைச்சுக்கிறதும் இதுல தான்.

கேமரா இங்க வராததுக்கு நாத்தம் மட்டும் காரணமில்ல. பச்சைத்தோலைத் தொடுற வேலைக்குத் தலைமுறையா போனவங்க பெரும்பாலும் தலித் மக்கள். ஊர் எதைத் தீட்டுன்னு ஒதுக்குச்சோ அதைக் கேமராவும் ஒதுக்குது. அதே தோல் பாலிஷ் ஏறி அட்டைப் பெட்டிக்குள்ள போனதும் மாவட்டத்தோட பெருமையாயிடுது.

சரி, மாசு பத்தி நிறைய எழுதியிருக்காங்களேன்னு கேப்பீங்க. எழுதியிருக்காங்க. டேனரிக் கழிவு பாலாறுல கலக்குறதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல 1996 ஆகஸ்ட் 28-ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னப்போ, சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் கெட்டுப்போச்சுங்கிற கணக்கு அதுல இருந்துச்சு. மாசு செஞ்சவனே காசு கட்டணும்ங்கிற கொள்கை இந்தியச் சட்டத்துல வேர் பிடிச்சதுல இந்தப் பாலாத்து வழக்குக்கு முக்கியப் பங்கு உண்டு. மழைக்காலத்துல ஆத்துல நுரை மிதக்கிற படம் இன்னைக்கும் வருது. ஆனா அந்தப் படத்துல ஆறு இருக்கும், ஆள் இருக்காது.

அந்தத் தீர்ப்புக்கு அப்புறம் பத்திரிகையில புது நாயகன் ஒருத்தர் வந்தார்: பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். மிஷின் வந்தாச்சு, பிரச்சினை தீர்ந்தாச்சுங்கிற தொனி. ஆனா 2015 ஜனவரி 31, நள்ளிரவு தாண்டி, ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில அப்படிப்பட்ட ஒரு சுத்திகரிப்பு நிலையத்தோட கழிவுச் சேத்துத் தொட்டிதான் இடிஞ்சுது. பக்கத்து டேனரியில தூங்கிட்டிருந்தவங்க மேல சேறு பாய்ஞ்சு 10 பேர் செத்தாங்க. பெரும்பாலோர் மேற்கு வங்கத்துல இருந்து பிழைக்க வந்தவங்க.

இன்னொரு வகைச் செய்தி உங்களுக்குப் பழக்கமானது. ‘கழிவுத் தொட்டியில் விஷவாயு தாக்கி தொழிலாளர்கள் பலி’. உள்பக்கத்துல, நாலு வரி. என்னவோ வாயு எங்கிருந்தோ வந்து தாக்கின மாதிரி. சல்ஃபைடு கழிவோட அமிலக் கழிவு கலந்தா ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். காத்தை விட கனம், அதனால அடியிலேயே தேங்கும். அளவு ஏறினா மூக்கே மரத்துப்போய் வாடை தெரியாது. இது இந்தத் தொழில்ல எல்லாருக்கும் தெரிஞ்ச பாடம். அப்போ செய்தியில வர வேண்டியது வாயு இல்ல: யார் இறங்கச் சொன்னது, வாயுவை அளந்தாங்களா, மேல கயிறு பிடிச்சுக்கிட்டு யாராவது நின்னாங்களா.

ஆள் இறங்காமலே சேத்தை உறிஞ்சுற லாரி இருக்கு, வாயு அளக்கிற கைக்கருவி இருக்கு. ரெண்டும் அதிசயமில்ல. ஷூ கம்பெனிக்குப் புதுசா ஒரு கட்டிங் மிஷின் இறங்கினா மாலை போட்டுப் படம் எடுத்து அனுப்புறாங்க. ஒரு டேனரி உறிஞ்சுற லாரி வாங்கினதுக்கு அப்படி ஒரு படம் எந்தப் பேப்பர்லயும் என் கண்ணுல பட்டதில்ல.