காயைக் காக்கும் சிறு பொட்டலம்

கூடையில் ஒரு பழம் கனிந்துவிட்டால் அருகிலுள்ளவையும் விரைவில் கனிந்துவிடும் என்பதை விவசாயப் பெருமக்கள் நன்கறிவர். கனியும் பழம் வெளியிடும் எத்திலீன் என்னும் வாயுவே இதற்குக் காரணமாகும். இங்கிலாந்தில் கேன் என்னும் அறிஞர் 1934-ஆம் ஆண்டில் ஆப்பிள் பழங்களை ஆராய்ந்து இவ்வுண்மையை மெய்ப்பித்தார். வாழை, மா, பப்பாளி, தக்காளி முதலியவை கனியும்போது இவ்வாயு மிகும். அடிபட்ட காயிலிருந்தும் அது வெளிப்படும்.

பழுக்க வைக்கும் அறைகளில் இவ்வாயு நன்மை பயக்கிறது. தடை செய்யப்பட்ட கார்பைடு கல்லுக்கு மாற்றாக, பத்து இலட்சம் பங்கு காற்றில் 100 பங்கு வரை எத்திலீனைப் பயன்படுத்த 2016-இல் அனுமதி அளிக்கப்பட்டது. ஆனால் சரக்கு விலையாகு முன்னரே கூடைக்குள் இவ்வாயு சேருமாயின் நட்டமே விளையும். கீரை மஞ்சளாகும், வெள்ளரி பசுமை இழக்கும்.

புழல் வட்டாரத்திற்குக் கோயம்பேட்டு அங்காடி அண்மையிலேயே உள்ளது. ஆயினும், விலை குறைந்த நாளில் சரக்கை நிறுத்தி வைக்க இயலாதவர் கேட்ட விலைக்கே கொடுத்துவிட நேர்கிறது. காய் ஓரிரு நாள் தாங்குமாயின் பேரம் பேசும் வலிமை உழவருக்கு உண்டாகும்.

இதற்குச் செய்ய வேண்டுவன யாவை? முதலாவதாக, கனிந்தவற்றையும் காயம்பட்டவற்றையும் பொறுக்கி நீக்க வேண்டும். இரண்டாவதாக, பழங்களுடன் கீரையையும் வெள்ளரியையும் சேர்த்து வைத்தலாகாது. மூன்றாவதாக, பெட்டிக்குள் எத்திலீனை ஈர்க்கும் பொட்டலம் வைக்கலாம். கிணற்று நீரைத் தூய்மை செய்யப் பயன்பட்ட பொட்டாசியம் பெர்மாங்கனேட்டே இதில் உள்ள மருந்து. நுண்துளைகளுள்ள மண் மணிகளில் அதனை ஏற்றி, காற்றுப் புகும் உறையிலிட்டு விற்கின்றனர். அது எத்திலீனைச் சிதைத்து விடுகிறது. ஊதா நிறம் பழுப்பாக மாறினால் அதன் ஆற்றல் தீர்ந்தது எனக் கொள்க. மருந்து காயின்மீது படலாகாது. குழந்தைகள் கைக்கும் எட்டலாகாது.

காற்றே புகாதபடி பையை இறுகக் கட்டினால் காய்கள் மூச்சு முட்டிப் புளித்த வாடை வீசும். முன்னரே கனியத் தொடங்கிய பழத்தைப் பொட்டலம் மீண்டும் காயாக்காது. வெயிலில் கிடந்த சரக்கிற்கும் அதனால் பெரும்பயன் இல்லை.

கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம், கனடா நாட்டுக் குவெல்ப் பல்கலைக்கழகத்துடன் கூடி, ஹெக்சனால் என்னும் பொருளால் மாம்பழத்தின் ஆயுளை நீட்டும் முறையையும் ஆராய்ந்துள்ளது. ஆயினும் எம்முறைக்கும் அடிப்படை, நிழலில் தரம் பிரித்தலே. ஊராட்சிதோறும் அதற்கென ஒரு கொட்டகை அமையுமாயின், உழவர் உழைப்பின் பயன் கூடையிலேயே அழியாது காக்கப்படும். உறுப்பினர்கள் இதனை அடுத்த கூட்டத்திலேயே ஆராய்வார்களாக!