யாரும் வாங்க மாட்டாங்கன்னு பாடகரே நினைத்த பாட்டு... கிளாசிக் ஆனது எப்படி?

அமெரிக்காவின் கன்ட்ரி இசையில் மிகச் சிறந்த சோகப் பாட்டு எதுன்னு கேட்டால், ரசிகர்கள் பலரும் சொல்வது 'ஹி ஸ்டாப்டு லவ்விங் ஹெர் டுடே'. 1980-ல் ஜார்ஜ் ஜோன்ஸ் பாடியது. 'அவளைக் காதலிப்பதை அவன் இன்றோடு நிறுத்திவிட்டான்' என்பது தலைப்பின் பொருள். ஒருவழியா மறந்துட்டான் போல என்றுதான் முதலில் தோன்றும். விஷயம் அதுவல்ல.

பாட்டில் என்ன கதை?

பிரிந்துபோன பெண்ணின் படத்தைச் சுவரில் மாட்டி, பழைய கடிதங்களைப் பத்திரப்படுத்தி, அவள் வருவாள் என்று காத்திருக்கிறான் ஒருவன். இதை நமக்குச் சொல்பவன் அவனை அறிந்த இன்னொருவன். பாதிக் கதை ஓடி, பல்லவி வரும்போதுதான் உறைக்கிறது: அவன் செத்துப்போய்விட்டான். காதல் நின்றது அதனால்தான். அவள் வருகிறாள், ஆனால் இறுதிச்சடங்குக்கு!

ஜோன்ஸ் ஏன் தயங்கினார்?

பாபி பிராடக், கர்லி புட்மேன் இருவரும் எழுதிய பாட்டு இது. அந்தப் பெண் கடைசியில் வர வேண்டும் என்று கேட்டு, திரும்ப எழுத வைத்தவர் தயாரிப்பாளர் பில்லி ஷெரில். ஜோன்ஸுக்கோ பிடிக்கவில்லை. இவ்வளவு சோகத்தை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள் என்றார்.

அப்போது அவர் நிலைமையும் மோசம். பாடகி டாமி வைனெட்டுடனான திருமணம் 1975-ல் முறிந்திருந்தது. குடி, போதைப்பொருள், கடன். கச்சேரிக்கு வராமல் போனதால் 'நோ ஷோ ஜோன்ஸ்' என்றே பெயர். ஒலிப்பதிவும் இழுத்துக்கொண்டே போனது. நடுவில் பாடாமல் பேச வேண்டிய சில வரிகளைக்கூட ஒழுங்காகச் சொல்ல முடியாமல் திணறினார்.

அப்புறம் என்ன ஆச்சு?

1980 ஜூலையில் பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் முதலிடம். தனிப்பாட்டில் ஆறு வருஷத்துக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த முதலிடம் அது. கிராமி விருதும் வந்தது. தன் இசை வாழ்க்கையையே இந்தப் பாட்டுதான் மீட்டது என்று சுயசரிதையில் எழுதினார்.

இன்னும் ஏன் உருக்குகிறது?

சாவைச் சொல்லும் பாட்டில் அவன் செத்துவிட்டான் என்று நேராகச் சொல்லவே இல்லை. வாசலில் மலர்வளையம், தூக்கிச் செல்லப்படும் உடல், அவ்வளவுதான். மீதியை நாமே புரிந்துகொள்கிறோம். ஜோன்ஸும் ஓவராக அழுது பாடவில்லை; அடக்கிக்கொண்டே போய், பல்லவியில் மட்டும் குரலை உயர்த்துகிறார்.

2013-ல் ஜோன்ஸ் காலமானார். நாஷ்வில் நகரின் கிராண்ட் ஓல் ஆப்ரி அரங்கில் நடந்த அவரது இறுதி அஞ்சலியில் ஆலன் ஜாக்சன் பாடியது, இதே பாட்டைத்தான்.