கோதுமையும் குடலும்

உடலை வளர்ப்பது உணவென்பது யாவரும் அறிந்ததே. ஆயின் ஊரார் அனைவரும் உண்டு நலமுறும் உணவொன்று ஒருவனுக்கு மட்டும் நாள்தோறும் தீங்கிழைத்தல் கூடுமோ எனின், கூடும் என்பர் மருத்துவ நூலோர். அவ்வாறு கோதுமையால் விளையும் சீலியாக் நோயின் இயல்பினை, அரிசியுணவே பெரிதும் வழங்கும் நம் போடிநாயக்கனூர்ப் பக்கத்து வாழ்க்கையோடு பொருத்தி ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இந்நோய் புதிதன்று. வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று இதன் பெயர் பிறந்தது. 1888-ஆம் ஆண்டில் சாமுவேல் ஜீ என்னும் ஆங்கில மருத்துவர் இதன் குறிகளை விளங்க எடுத்துரைத்து, தீர்வு உணவிலேயே உளது எனக் கருதினார். எவ்வுணவு தீதென்பது மட்டும் அப்போது விளங்கவில்லை. பின்னர், ஒல்லாந்து தேசத்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே என்பார் கோதுமையின்மீது ஐயங்கொண்டார். 1944-45 குளிர்காலத்தில், போரின் கொடுமையால் அந்நாட்டில் ரொட்டி அரிதாகிய பஞ்சம் அவ்வையத்தை வலியுறுத்திற்று. 1950-இல் அவர் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் உளது. பரோட்டாக் கடையில் மாவினைத் துணிபோல் வீசி விரித்தாலும் அது கிழியாது நீளுதற்குக் காரணம் இப்புரதமே. இது வயிற்றில் முற்றும் செரியாது சிறுகுடலை அடையும். பெரும்பாலோர்க்கு அதனால் தீங்கில்லை. பரம்பரையாக இந்நோய்க்கு இசைந்த கூறுடையாருள் சிலர்க்கோ, உடலின் காவற்படையாகிய நோயெதிர்ப்பு ஆற்றல் அப்புரதத்தைப் பகையென மயங்கி, அதனோடு தன் குடலின் சுவரையும் தாக்குகின்றது. குடலின் உட்புறத்தே விரல்போல் எழுந்துநின்று சத்தினைக் கவரும் குடலுறிஞ்சிகள் அதனால் தேய்ந்து தட்டையாகின்றன. பயிர்நிலத்தில் நீர் நின்றும் வேர் அழிந்தாற்போல, உண்டும் உடல் பெறுவதில்லை.

இதன் விளைவுகள் பல. நாட்பட்ட வயிற்றுப்போக்கு, வயிற்றுப் பொருமல், உடல் மெலிவு என்பன வெளிப்படையானவை. குழந்தைகள் வளர்ச்சி குன்றுவர். இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் குறைதலால் இரத்தச் சோகையும், சுண்ணச் சத்துக் குறைதலால் எலும்பு நலிவும் உண்டாம். வயிற்றுத் தொல்லை சிறிதுமின்றிச் சோகையும் சோர்வும் மட்டுமே கொண்டாரும் உளர். இஃது ஒட்டுவாரொட்டியன்று.

நம் நாட்டில் 23,000-க்கு மேற்பட்டாரைச் சோதித்து 2016-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, வடபாகத்தில் 1,000 பேருள் எட்டு ஒன்பதின்மருக்கும், வடகிழக்கில் நால்வர் ஐவருக்கும், தென்பாகத்தில் ஏறக்குறைய 10,000 பேருள் ஒருவருக்கும் இந்நோய் உண்டெனக் கண்டது. பரம்பரைக் கூறு மூன்று பகுதியிலும் பெரிதும் வேறுபடவில்லை. வடபாகத்தார் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை உண்ண, தென்பாகத்தார் உண்டது 25 கிராமே. எனினும் வடகிழக்கினரும் கோதுமை குறைவாகவே உண்டனர். ஆதலின் உண்ணும் அளவொன்றே காரணமெனத் துணிதல் இயலாது.

குடலுறிஞ்சிகள் தேய்வதெல்லாம் சீலியாக் நோயுமன்று. 1960-களில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பேக்கர், மாதன் முதலிய அறிஞர்கள், சுற்றுக் கிராமங்களில் பரவிய வெப்பநாட்டு ஸ்புரூ என்னும் நோயை ஆராய்ந்தனர். அதன் குறிகளும் இவை போன்றனவே. ஆயின் அது கோதுமையால் வருவதன்று, மருந்தினால் தீர்வது. எனவே சோதனையின்றி நோயின் பெயரைத் துணிதல் தவறாகும்.

இனி நம் ஊரை நோக்குவோம். விடியுமுன் ஜீப்பேறிப் போடிமெட்டு வழியே ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் பெண்டிரிடத்துச் சோர்வும் சோகையும் காணின், வறுமை, கொக்கிப்புழு, மகப்பேறு என்பவற்றையே யாவரும் காரணமாக நினைப்பர். பெரும்பாலும் அது சரியே. ஆயினும் இரும்புச் சத்து மாத்திரை முறையாக உண்டும் சோகை நீங்காதாயின், சீலியாக் நோயோ என மருத்துவரை வினவுதல் நன்று. குருதிச் சோதனையாலும், தேவைப்படின் சிறுகுடலின் சிறு துணுக்கைச் சோதித்தும் அறியலாம். சோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்தின் நோய் மறைந்துநிற்கும். ஆதலின் அவ்வாறு செய்தல் ஆகாது. நோயில்லாதார் கோதுமைக்கு அஞ்சவும் வேண்டுவதில்லை.

நோயுற்றார்க்கு மருந்து, வாழ்நாள் முழுதும் குளூட்டனை அறவே விலக்குதல். பரோட்டா, சப்பாத்தி, கோதுமை ரவை, சேமியா, ரொட்டி யாவும் ஆகா. கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலந்திருத்தல் உண்டு. கோதுமை அரைத்த மில்லில் உடனே அரைத்த கேழ்வரகு மாவும் தூயதன்று. ஆயின் சோறும், கம்பங்கூழும், கேழ்வரகுக் களியும், சோளமும் தீங்கற்றவை. ஏழையின் உணவென்று நாம் இகழ்ந்தொதுக்கிய தானியங்களே இந்நோயாளிக்கு மருந்தாதல் காண்க.

ஆகவே, கலியாணப் பந்தியில் ஒருவர் பலகாரத்தை மறுத்தால் அதனை அவமதிப்பென்று கொள்ளாதிருப்போமாக. கோதுமை அப்பம் வழங்கும் திருவிருந்திலும் இத்தகையார் வருந்தி விலகிநிற்க நேரிடலாம். கத்தோலிக்க சபை, குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்தையோ பாத்திரத்தை மட்டுமோ அவர் பெற இடந்தந்துள்ளது. வேறு தானிய அப்பம் வழங்கும் சபைகளும் உள. பதினாயிரவருள் ஒருவரேயெனினும், அவ்வொருவரும் பசியாது அமர்தற்கு இடஞ்செய்வதே விருந்தின் இலக்கணமாகும்.