ரயில் இல்லாத தீவில் ரயில்வே கேட் பாடம்

புது தில்லி: அந்தமான் நிகோபார் தீவுகளில் பயணிகள் ரயில் கிடையாது. 2024 செப்டம்பரில் ஸ்ரீவிஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து திக்லிபூருக்கு ரயில் பாதை அமைக்கும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சளவிலேயே உள்ளது. ஆயினும், ஓட்டுநர் உரிமத் தேர்வுக்குத் தயாராகும் தீவு இளைஞர்களும் ஆளில்லா ரயில்வே கேட்டைக் கடக்கும் முறையைப் படிக்க வேண்டியுள்ளது.

1989-ல் வகுக்கப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின் 11-வது விதி, பழகுநர் தேர்வுக்கு நான்கு பாடங்களைக் குறித்தது. சாலைக் குறியீடுகளும் விதிகளும், விபத்தின்போது ஓட்டுநரின் கடமை, வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள் ஆகியவற்றுடன் ஆளில்லா ரயில்வே கேட்டும் அதில் இடம்பெற்றது. வாகனத்தை நிறுத்தி, நடத்துநரோ உதவியாளரோ இறங்கிச் சென்று, இருபுறமும் ரயில் வரவில்லை என உறுதி செய்ய வேண்டும். உடன் எவரும் இல்லையெனில் ஓட்டுநரே இறங்க வேண்டும் என்கிறது 1988-ம் ஆண்டுச் சட்டத்தின் 131-வது பிரிவு. நாட்டின் அகலப் பாதைகளில் ஆளில்லா கேட்டுகளே 2019 ஜனவரியில் அகற்றப்பட்டுவிட்டன என்பது வேறு விஷயம்.

இப்பாடத்தை முற்றிலும் வீண் என ஒதுக்கிவிட முடியாது. உரிமம் நாடு முழுவதும் செல்லும் என்கிறது அதே சட்டத்தின் 13-வது பிரிவு. படிப்புக்கும் வேலைக்கும் சென்னை வரும் தீவுவாசிக்கு ரயில் பாதை புதிது.

ஆனால், சென்னையில் உரிமம் பெற்றவர் அந்தமான் டிரங்க் சாலையில் ஓட்டவும் அதே பிரிவு வழிவிடுகிறது. சிக்கல் இங்கேதான். ஜிர்காடாங்கிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை சுமார் 50 கி.மீ. தூரம் இச்சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்பு வனத்தினூடே செல்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அவர்கள் 380 பேர் மட்டுமே. போலீஸ் காவலுடன் அணிவகுத்தே வாகனங்கள் செல்ல வேண்டும். வழியில் நிறுத்தவோ, உணவு கொடுக்கவோ, படம் எடுக்கவோ கூடாது. காப்பு வனப் பகுதியில் இச்சாலையை மூடுமாறு 2002-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பின்னரும் போக்குவரத்து நிற்கவில்லை. ஜாரவா பெண்களை ஆட வைத்த வீடியோ காட்சி 2012 ஜனவரியில் பிரிட்டிஷ் நாளிதழில் வெளியாகி நாட்டையே தலைகுனிய வைத்தது.

இவ்வளவுக்கும், 11-வது விதி குறித்த நான்கு பாடங்களில் பழங்குடியினர் வனச் சாலை பற்றி ஒரு சொல்லும் இல்லை. அச்சாலையில் ஓட்டுபவர், எச்சரிக்கைப் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். விதியைத் திருத்தும் அதிகாரம் தில்லியில் உள்ள சாலைப் போக்குவரத்து அமைச்சகத்திடம் உள்ளது. சட்டப்பேரவை இல்லாத அந்தமானின் சார்பில் மக்களவையில் இதைக் கேட்க இருப்பவர் ஒரே ஓர் உறுப்பினர்.