பக்கவாசல் வழியே வந்த கஞ்சா

போதையும் சட்டமும் – 11

ஒரு தகர டப்பா. உள்ளே சீராகச் சுருட்டி அடுக்கிய 300 கஞ்சா சிகரெட்டுகள். இலை விளைந்தது மிசிசிப்பி பல்கலைக்கழகத் தோட்டத்தில். சுருட்டியது வட கரோலினாவில். அனுப்பிவைத்தது அமெரிக்க மத்திய அரசு. வாங்கிக்கொண்டவர் இர்வின் ரோசன்ஃபெல்ட், ஃபுளோரிடாவில் பங்குத் தரகர். எலும்பு முனைகளில் கட்டிகள் வளரும் அரிய நோய் அவருக்கு. 1982இல் தொடங்கிய இந்த சப்ளை பல பத்தாண்டுகள் தொடர்ந்தது.

அதே அரசின் சட்டப் புத்தகத்தில் கஞ்சாவுக்குத் தந்திருந்த இடம் ‘முதல் அட்டவணை’. மருத்துவப் பயன் ஏதும் இல்லை, அடிமைப்படுத்தும் அபாயம் அதிகம் என்று முத்திரை குத்தப்பட்டவற்றின் பட்டியல் அது. ஹெராயினும் எல்எஸ்டியும் பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்கும். கொக்கைனும் ஃபென்டனிலும்கூட ஒரு படி தளர்வான இரண்டாம் அட்டவணையில்தான் இருக்கின்றன. மருந்தே இல்லை என்று அரசு சொன்ன ஒன்றை, அரசே மருந்தாகப் பொட்டலம் கட்டி அனுப்பியது.

இது நடந்ததற்குக் காரணம் ராபர்ட் ராண்டல் என்ற கிளாக்கோமா நோயாளி. பார்வை போய்விடாமல் காப்பாற்றக் கஞ்சா வளர்த்தேன் என்று வாதாடி 1976இல் வழக்கை வென்றவர். அவருக்காகத் தொடங்கிய சிறப்புத் திட்டத்தில் பிறகு வேறு சிலரும் சேர்ந்தார்கள். எய்ட்ஸ் நோயாளிகளின் விண்ணப்பங்கள் குவிய ஆரம்பித்ததும், 1992இல் மூத்த புஷ் அரசு புதியவர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டது. பழையவர்களுக்கு டப்பா வந்துகொண்டிருந்தது.

கஞ்சாவை நாடு முழுவதும் சட்டபூர்வமாக்கலாமா, கூடாதா? அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்த விவாதம் நடக்கிறது. இந்தக் கேள்வியை நேருக்கு நேர் எடுத்து, நாடாளுமன்றமான காங்கிரஸின் இரு அவைகளிலும் வாக்கெடுத்து முடித்ததே இல்லை என்பதுதான் விசித்திரம். பிரதிநிதிகள் சபை 2020 டிசம்பரில் 228–164 என்றும், 2022 ஏப்ரலில் 220–204 என்றும் தடைநீக்க மசோதாவை நிறைவேற்றியது. இரண்டு முறையும் செனட் அதைக் கிடப்பில் போட்டது. நடந்த மாற்றமெல்லாம் வரிச் சட்டத்தின் ஓரத்திலும், பட்ஜெட்டின் இடுக்கிலும், விவசாய மசோதாவின் அடியிலும் நடந்தது.

மத்திய அரசின் முதல் தடையே அப்படி வந்ததுதான். 1937இல் காங்கிரஸ் கஞ்சாவைத் தடைசெய்யவில்லை, வரி போட்டது. போதைத் தடுப்புப் பிரிவின் தலைவர் ஹாரி ஆன்ஸ்லிங்கர் முன்னின்று கொண்டுவந்த சட்டம் அது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சார்பில் டாக்டர் வில்லியம் வுட்வர்ட் நேரில் வந்து எதிர்த்துப் பேசியும் எடுபடவில்லை. கஞ்சா வைத்திருப்பவர் வரி கட்ட வேண்டும். கட்ட வந்தாலோ மாநிலச் சட்டப்படி குற்றவாளி என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். முப்பது ஆண்டுகள் ஓடிய இந்தப் பொறியை, முன்னாள் பேராசிரியர் திமோத்தி லியரியின் மேல்முறையீட்டில் 1969இல் உச்ச நீதிமன்றம் உடைத்தது.

அடுத்த ஆண்டே புதிய சட்டம் வந்தது. கஞ்சாவை எந்த அட்டவணையில் போடுவது என்று கேட்டபோது, சுகாதாரத் துறையின் ரோஜர் எகெபெர்க், ஆய்வுகள் முடியும்வரை இப்போதைக்கு முதல் அட்டவணையில் இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தார். ஆய்வுக் கமிஷனும் அமைந்தது. தலைவர் ரேமண்ட் ஷாஃபர். பென்சில்வேனியாவின் முன்னாள் ஆளுநர், நிக்சனின் சொந்தக் கட்சிக்காரர். சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பதைக் குற்றமாக்க வேண்டாம் என்று 1972 மார்ச்சில் அவர் அறிக்கை கொடுத்தார். நிக்சன் அதை ஒதுக்கித் தள்ளினார். ‘இப்போதைக்கு’ என்று போட்ட கையெழுத்து அரை நூற்றாண்டு தாண்டி நின்றது.

மத்திய அரசு அசையாததால் மாநிலங்கள் தம் வழியைப் பார்த்துக்கொண்டன. 1996இல் கலிபோர்னியா மருத்துவத்துக்கு அனுமதித்தது. 2012இல் கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் வாக்கெடுப்பு நடத்தி, 21 வயது நிரம்பியவர்கள் வெறும் உல்லாசத்துக்கே வாங்கலாம் என்றன. இன்று 24 மாநிலங்களில் அந்த நிலை. ஆனால் கொலராடோவில் கடையில் ரசீதோடு வாங்கிய பொட்டலத்தைப் பையில் வைத்துக்கொண்டு ராக்கி மலைத் தேசியப் பூங்காவின் வாசலைத் தாண்டினால் குற்றம். பூங்கா மத்திய அரசின் நிலம்.

சட்டம் எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு 2005இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பே சாட்சி. டயான் மான்சன் என்ற முதுகுவலி நோயாளி கலிபோர்னியாவில் தன் வீட்டில் வளர்த்தது ஆறே செடிகள். விற்கவில்லை, மாநில எல்லையைத் தாண்டவில்லை. உள்ளூர் அதிகாரிகள் இது சட்டப்படி சரிதான் என்று சொல்லியும், மத்தியப் போதைத் தடுப்பு ஏஜென்ட்டுகள் மூன்று மணி நேர இழுபறிக்குப் பிறகு ஆறையும் பிடுங்கி அழித்தார்கள். மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் இந்த ஆறு செடிகள்வரை செல்லும் என்று 6–3 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. எதிர்த்து எழுதிய மூவரில் ஒருவர் கிளாரன்ஸ் தாமஸ், நீதிமன்றத்தின் மிகப் பழமைவாத நீதிபதி. மத்திய அரசின் நிலைப்பாடு பாதி உள்ளே பாதி வெளியே என்று இருப்பதாக 2021இல் மீண்டும் சாடியவரும் அவரே. கஞ்சா விவாதத்தை இடதுசாரி, வலதுசாரி என்று இரு கூடைகளில் பிரித்துவிட முடியாது.

தீர்ப்பு அப்படி இருக்க, கடைகள் எப்படி நடக்கின்றன? 2014 முதல் பட்ஜெட்டில் ஒரு வாசகம் சேர்க்கிறார்கள்: மாநிலங்களின் மருத்துவக் கஞ்சாத் திட்டங்களில் தலையிட நீதித்துறை ஒரு காசும் செலவழிக்கக் கூடாது. சட்டத்தை நீக்கவில்லை, அமல்படுத்தப் பணம் இல்லை, அவ்வளவுதான். இது ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய ஏற்பாடு. மருத்துவமல்லாத கடைகளுக்கு அதுவும் கிடையாது. ஒபாமா காலத்துச் சுற்றறிக்கை ஒன்று அவற்றைக் காப்பாற்றி வந்தது. 2018 ஜனவரியில் அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ் அதைக் கிழித்தெறிந்தார். உடனே கொலராடோவின் குடியரசுக் கட்சி செனட்டர் கோரி கார்ட்னர், நீதித்துறை நியமனங்களை முடக்கிப்போட்டார். ஏப்ரலில் ட்ரம்ப் இறங்கி வந்து வாக்குறுதி கொடுத்த பிறகுதான் விட்டார். பல நூறு கோடி டாலர் புரளும் ஒரு தொழில், எழுத்தில் இல்லாத வாய்வார்த்தையில் நின்றது.

வரிக் கதை இன்னும் ருசியானது. 1970களில் மினியாபொலிஸ் போதை வியாபாரி ஒருவர் வருமான வரிக் கணக்கு கொடுத்தபோது, எடைத்தராசு, போன், கார் ஓட்டிய செலவு, வீட்டு வாடகையில் ஒரு பங்கு என்று எல்லாவற்றையும் தொழில் செலவாகக் கழித்தார். வரித் தீர்ப்பாயம் 1981இல் பெரும்பாலும் ஒப்புக்கொண்டது! ஆத்திரப்பட்ட காங்கிரஸ் மறு ஆண்டே 280ஈ என்ற பிரிவைச் சேர்த்தது: முதல் இரண்டு அட்டவணைகளில் உள்ள பொருளை விற்பவருக்குச் செலவுக் கழிவு கிடையாது. திருட்டு வியாபாரிக்குக் கட்டிய இந்தக் கண்ணியில், லைசென்ஸ் வாங்கிக் கடை வைத்தவர்கள்தான் மாட்டினார்கள். 100 டாலருக்குச் சரக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கொள்முதல் 50, அதை மட்டும் கழிக்கலாம். வாடகை, சம்பளம், கரண்டுக்கு 40. கையில் நிற்பது 10. வரியோ 50 டாலருக்கு. 21 சதவீத நிறுவன வரிப்படி 10.50 டாலர். லாபத்தைவிட வரி ஐம்பது சென்ட் அதிகம்.

வரியையும் பெரும்பாலும் ரொக்கமாகத்தான் கட்ட வேண்டியிருந்தது. கள்ளப்பண வழக்கு வருமோ என்ற பயத்தில் பெரிய வங்கிகள் கணக்கு தருவதில்லை. இதற்காகவே சேலத்தில் மாநில வரித்துறை பாதுகாப்பு அறை கட்டி, நாள் குறித்து வரச்சொல்லி நோட்டுகளை எண்ணி வாங்கியது. நம்மூர் சேலம் இல்லை. ஒரேகன் மாநிலத் தலைநகர். வங்கிகளுக்கு அபயம் தரும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை ஏழு முறை நிறைவேற்றியும் செனட்டில் அது தேறவில்லை.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் அறிய வேண்டிய பகுதி ஒன்று உண்டு. குடியுரிமை விண்ணப்பத்தில் ‘நன்னடத்தை’ பார்ப்பார்கள். மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் கஞ்சா தொடர்பான செயல் அதற்குத் தடையாகலாம் என்று 2019 ஏப்ரலில் குடியேற்றத் துறை எழுத்திலேயே அறிவித்தது. புகைத்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. டென்வரில் லைசென்ஸ் பெற்ற கஞ்சா நிறுவனங்களில் வேலை பார்த்ததற்காகவே இருவருக்குச் சிக்கல் வந்தது. நகர மேயர் வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதினார். பக்கத்து மேசை அமெரிக்கக் குடிமகனுக்கு வெறும் பொழுதுபோக்கு. க்ரீன் கார்டுக்காரருக்கு அது பெரிய வம்பு.

தடை வேண்டும் என்பவர்களைப் பழம்பஞ்சாங்கம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் அவர்கள் கையில் வலுவான சரக்கு இருக்கிறது. போதை தரும் டிஹெச்சியின் அளவு, மத்திய அரசு கைப்பற்றிய மாதிரிகளில் 1995இல் சுமார் 4 சதவீதம். 2021இல் 15ஐத் தாண்டியது. கடைகளில் விற்கும் சாறு வகைகளில் 60, 80 என்று போகிறது. 2022 கணக்குப்படி தினமும் அல்லது கிட்டத்தட்ட தினமும் கஞ்சா எடுப்பவர்கள் 1.77 கோடிப் பேர். தினசரிக் குடிகாரர்களைவிட அதிகம். மறுபக்கத்தார் எடுத்துவைக்கும் எண்ணும் சாதாரணமானதல்ல. கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் புகைத்தும், கஞ்சா வைத்திருந்ததற்காகக் கறுப்பர் கைதாகும் வாய்ப்பு 3.64 மடங்கு என்று 2020இல் ஏசிஎல்யூ என்ற குடிமை உரிமை அமைப்பு கணக்கிட்டது.

பக்கவாசல் ஏற்பாடு இந்த இரு தரப்புக்கும் உதவவில்லை. தேசியச் சட்டம் என்று ஒன்று இருந்தால் வீரியத்துக்கு உச்சவரம்பு, பூச்சிமருந்துச் சோதனை, லேபிள் எல்லாம் நாடு முழுக்க ஒரே மாதிரி வரும். முழுத் தடையை உண்மையாகவே அமல்படுத்தினால் கடையே இருக்காது. இப்போது இருப்பது இரண்டும் அல்ல.

இதன் உச்சம் 2018 விவசாய மசோதா. புகையிலை விலை போகாமல் தவித்த கென்டக்கி விவசாயிகளுக்காக, அன்றைய செனட் பெரும்பான்மைத் தலைவர் மிட்ச் மெக்கானல் ஹெம்ப் எனப்படும் நார்க்கஞ்சாவை விடுவித்தார். காய்ந்த எடையில் டெல்டா-9 டிஹெச்சி 0.3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பதே நிபந்தனை. நூலும் எண்ணெயும் வரும் என்று பார்த்தால், வந்தது மிட்டாய். நான்கு கிராம் எடையுள்ள ஒரு ஜெல்லி மிட்டாயில் 0.3 சதவீதம் என்றால் 12 மில்லிகிராம். தலை சுற்றப் போதுமான அளவு. வேதியியலாளர்கள் ஹெம்ப்பில் கிடைக்கும் சிபிடி என்ற வேதிப்பொருளை அமிலத்தால் மாற்றி, சட்டத்தில் பெயரே இல்லாத டெல்டா-8 டிஹெச்சியையும் தயாரித்தார்கள். கஞ்சாவுக்குச் சிறை வைக்கும் டெக்சஸில்கூட அது பெட்ரோல் பங்க் அலமாரியில் ஏறியது. யாரும் வாக்களிக்காமலேயே நாட்டின் பெரும்பகுதியில் போதை சட்டபூர்வமாகிவிட்டது.

ஓட்டையைத் திறந்த மெக்கானலே அதை அடைக்கவும் முன்நின்றார். 2025 நவம்பர் 12 அன்று, 43 நாள் முடங்கிக் கிடந்த அரசைத் திறக்கும் நிதி மசோதாவுக்குள் ஒரு பிரிவு நுழைந்தது: ஒரு டப்பாவுக்கு 0.4 மில்லிகிராம் டிஹெச்சிக்கு மேல் இருக்கக் கூடாது, ஓராண்டில் அமல். அதே கென்டக்கியின் இன்னொரு செனட்டர் ராண்ட் பால் அதை நீக்கப் போராடி 76–24 என்று தோற்றார்.

அடுத்த மாதமே ட்ரம்ப், கஞ்சாவை மூன்றாம் அட்டவணைக்கு மாற்றும் வேலையை விரைவுபடுத்த உத்தரவிட்டார். பைடன் 2022இல் தொடங்கிவைத்து, 43,000 பொதுக் கருத்துகள் குவிந்து, விசாரணையில் நின்றுபோயிருந்த வேலை அது. மூன்றாம் அட்டவணை மருந்தை டாக்டர் சீட்டோடு மருந்துக் கடையில்தான் விற்கலாம். கொலராடோ கடைக்காரர் அந்த வகையில் வரவே மாட்டார். அட்டவணை மாறினாலும் மத்தியச் சட்டப்படி அவர் செய்வது குற்றம்தான். ஆனால் 280ஈ முதல் இரண்டு அட்டவணைகளோடு நின்றுவிடுவதால், குற்றம் செய்துகொண்டே கடை வாடகையையும் கரண்ட் பில்லையும் வரியில் கழித்துக்கொள்ளலாம்.

(தொடரும்)