விடுமுறை நாள் யாருக்கு?

ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று சிறுவர் முதல் பெரியவர் வரை நம் இல்லங்களில் காத்திருக்கின்றனர். வெள்ளிக்கிழமையே நமக்குச் சிறப்பான நாள் எனினும், பள்ளிக்கூடமும் அலுவலகமும் ஞாயிறன்று மூடப்படுவதால் குடும்பத்தினர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் நாள் அதுவாகவே அமைந்துவிட்டது. ஆனால் அந்த நாள் உண்மையில் யாருக்கு ஓய்வு தருகின்றது? சென்ற ஞாயிறு உங்கள் வீட்டில் எவ்வாறு கழிந்தது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

காலையில் குடும்பத் தலைவர் பையை எடுத்துக்கொண்டு கறிக்கடைக்குப் புறப்படுகின்றார். அன்று அங்கே கூட்டம் மிகுதி. காத்து நின்று வாங்கி, வழியில் காய்கறியும் மல்லி புதினாவும் சேர்த்து, அடுக்களையில் கொண்டுவந்து வைத்ததும் அவருடைய கடமை ஒருவாறு முடிந்துவிடுகின்றது. பிறகு நாளிதழ், தேநீர், நண்பர்களோடு சிறிது பேச்சு. இல்லத்தரசிக்கோ அப்போதுதான் வேலை தொடங்குகின்றது. கறியைக் கழுவ வேண்டும். இஞ்சி பூண்டு அரைக்க வேண்டும். மற்ற நாள்களில் ஓர் ஆணமும் ஒரு பொரியலும் போதும் என்றிருந்த வீட்டில் அன்று நெய்ச்சோறும் தாளிச்சாவும் வேண்டும். லுஹர் தொழுது, வயிறார உண்டு, மற்றவர்கள் கண்ணயரும்போது அவர் முன்னே பாத்திரங்கள் குவிந்து கிடக்கின்றன. அடுத்து பிள்ளைகளின் ஐந்து நாள் சீருடைகள். மாலையில் உறவினர் வந்தால் தேநீர், பலகாரம். இரவில் மறுநாளைக்கு மாவு அரைத்தாக வேண்டும்.

ஆக, ஆறு நாள்களை விடவும் கடுமையாக அவர் உழைப்பது ஏழாம் நாளில்தான்!

போராடிப் பெற்ற ஓய்வு

வார விடுமுறை என்பது தானாக வந்த வரவன்று. பம்பாய்ப் பஞ்சாலைகளில் ஓய்வு நாளின்றி உழைத்துவந்த தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் 1884ஆம் ஆண்டிலேயே குரல் எழுப்பினார். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்னும் கோரிக்கையில் சுமார் 5,500 தொழிலாளர்கள் ஒப்பமிட்டனர். 1890இல் பல்லாயிரவர் திரண்ட கூட்டம் ஒன்றில் பெண் தொழிலாளர் இருவரும் எழுந்து பேசினர். அவ்வாண்டில்தான் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினர். 1891ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையைச் சட்டமாக்கியது.

அதன்பின் 1947இல் சென்னை மாகாணத்தில் வந்த கடைகள், நிறுவனங்கள் சட்டம் கடைச் சிப்பந்திகளுக்கும் வார விடுமுறை அளித்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என்று வரம்பு விதித்தது.

ஆலைக்குள் சட்டம் நுழைந்தது, கடைக்குள்ளும் நுழைந்தது. அடுக்களைக்குள் மட்டும் இன்றுவரை எந்தச் சட்டமும் நுழையவில்லை. அங்கே நீதி வழங்க வேண்டியவர்கள் வீட்டில் உள்ளவர்களே.

இது வெறும் மனக்குறையன்று. 2019ஆம் ஆண்டில் நடுவண் அரசு நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் ஊதியமின்றி நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம், அதாவது ஏறத்தாழ ஐந்து மணி நேரம் அதற்காகச் செலவிட்டனர். அவ்வேலையில் பங்கெடுத்த ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். அவ்வாறு பங்கெடுத்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தாம்! ஆசிரியையாகவோ செவிலியராகவோ வெளியே பணிபுரியும் பெண்ணுக்கு இந்தச் சுமை இரட்டிப்பு அன்றோ?

வளைகுடா கற்பிக்கும் பாடம்

நம் குடும்பங்களில் பலர் வளைகுடா நாடுகளில் பணிபுரிகின்றனர். அங்கே நெடுங்காலமாக வெள்ளிக்கிழமையே விடுமுறை. சவூதி அரேபியா 2013இல் வியாழன், வெள்ளி என்றிருந்த வார விடுமுறையை வெள்ளி, சனி என மாற்றியது. ஐக்கிய அரபு அமீரகத்தின் கூட்டாட்சி அரசு அலுவலகங்கள் 2022 முதல் வெள்ளியன்று அரை நாள் மட்டும் இயங்கி, சனி, ஞாயிறு விடுமுறை விடுகின்றன.

கிழமை எதுவாயினும், தனித்து வாழும் அந்த ஆண்களின் விடுமுறை எப்படிக் கழிகின்றது? துணி துவைத்தல், அறையைப் பெருக்குதல், முறை வைத்துச் சமைத்தல், பின் ஊருக்குத் தொலைபேசியில் பேசுதல். அங்கே இவையெல்லாம் ஆணுக்கு இழுக்காகத் தோன்றுவதில்லை. ஊர் வந்து சேர்ந்ததும் அதே கைகள் ஒரு குவளைத் தண்ணீருக்கும் பிறரை எதிர்பார்ப்பது ஏன்?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இல்லத்தில் இருக்கும்போது வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்றும், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளதை நாம் அறிவோம். அறிந்ததை ஞாயிறன்று நடைமுறைக்குக் கொண்டுவருவதில் தடை என்ன?

என்ன செய்யலாம்?

முதலாவதாக, வெளி வேலைகளை ஞாயிறன்று குவிக்காதீர்கள். மின்கட்டணம், எரிவாயு உருளைக்கான பதிவு ஆகியவற்றைக் கைபேசியிலேயே முடித்துவிடலாம். வங்கிகளுக்கு 2015 செப்டம்பர் முதல் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளும் விடுமுறை. ஆகவே வங்கி வேலையை வார நாளில் முடிப்பதே நன்று. மாவு மில், தையற்கடை, செருப்புத் தைப்பவர் என நான்கு முறை அலைவதை விட, செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி நாட்காட்டியின் அருகே ஒட்டிவைத்து, ஒரு மாலையில் ஒரே சுற்றில் முடித்து வாருங்கள்.

இரண்டாவதாக, ஞாயிறு காலைப் பசியாறலை ஆண்கள் பொறுப்பேற்கட்டும். கடையில் வாங்கினாலும் குற்றமில்லை. பரிமாறி, பாத்திரங்களைக் கழுவி வைப்பது வரை அவர்களுடைய வேலையாகட்டும். விருந்துச் சமையலை எல்லா வாரமும் எதிர்பார்க்காமல் மாதம் இருமுறை என வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதாக, உண்ட தட்டை உண்டவரே கழுவும் வழக்கம் மகளுக்கு மட்டுமின்றி மகனுக்கும் வேண்டும். தன் சீருடைக்குத் தானே இஸ்திரி போடக் கற்ற சிறுவன் நாளை நல்ல கணவனாகவும் இருப்பான்.

நான்காவதாக, பகல் உணவு முடிந்ததிலிருந்து அஸர் வரையிலான நேரத்தை இல்லத்தரசிக்கென்றே விட்டுவிடுங்கள். அந்நேரத்தில் அவரைத் தேநீருக்காகவோ தொலைந்த சாவிக்காகவோ யாரும் அழைக்கக் கூடாது. அவர் உறங்கலாம், படிக்கலாம், தாய்வீட்டுக்குப் போய் வரலாம், ஒன்றும் செய்யாமல் அமர்ந்தும் இருக்கலாம்.

"வீட்டில் முதியவர் இருக்கின்றார், கைக்குழந்தை இருக்கின்றது, வேலையை நிறுத்த முடியுமா?" என்று நீங்கள் கேட்கக் கூடும். நியாயமான கேள்வியே. வேலையை நிறுத்த முடியாது, கையை மாற்றலாம். அந்த இரண்டு மணி நேரம் குழந்தையைத் தந்தையும், பாட்டியைப் பேரனும் கவனித்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் வேலைக்கு வரும் பெண் இருந்தால், அவருக்கும் வாரம் ஒரு நாள் ஊதியத்துடன் விடுமுறை கொடுங்கள். அவருக்கும் ஒரு வீடு உண்டு. அங்கேயும் குழந்தைகள் காத்திருக்கின்றனர்.

இவற்றை 'உதவி' என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். ஒருவருடைய வேலையில் மற்றவர் கைகொடுப்பதுதான் உதவி. வீடு எல்லோருக்கும் உரியதாயின், அதன் வேலையும் எல்லோருக்கும் உரியதே.

சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு சொல். "நான் செய்தால்தான் சரியாக இருக்கும்" என்று எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொள்ளாதீர்கள். மகன் மடித்த துணி சற்றுக் கோணலாக இருந்தால் இருக்கட்டும். கணவர் போட்ட தேநீரில் சீனி கூடினால் கூடட்டும். நாலைந்து வாரங்களில் கை பழகிவிடும்.

வரும் ஞாயிறு பிற்பகலில் உங்கள் இல்லத்தில் யார் படுத்திருக்கின்றார், யார் நின்றுகொண்டிருக்கின்றார் என்று ஒருமுறை பாருங்கள். நின்றுகொண்டிருப்பவரை அமரச் சொல்லிவிட்டு, அவர் கையில் இருக்கும் வேலையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.