தோற்றவர்களின் அகராதி

போக்கர் ஆடுகிறவரிடம் ஜெயித்த கதையைக் கேட்டால் ஒரே வரியில் முடித்துவிடுவார். தோற்ற கதை அப்படியல்ல. யார் எவ்வளவு கட்டினார், எந்தச் சீட்டு எப்போது விழுந்தது என்று நீட்டி முழக்குவார். அதற்குப் பெயரே இருக்கிறது: ‘பேட் பீட்’. ஜெயித்திருக்க வேண்டிய கை தோற்றுப்போவது. அமெரிக்கச் சீட்டு மேஜைகளில் புழங்கும் சொற்களைக் கவனித்தால், வெற்றியைவிடத் தோல்விக்குத்தான் அதிக கற்பனை செலவாகியிருக்கிறது என்று தோன்றுகிறது.

முதலில் ஆட்டம். இன்று போக்கர் என்றாலே பெரும்பாலும் ‘டெக்சாஸ் ஹோல்டம்’தான். ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துப் போடுவார்கள். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு விரியும்: முதல் மூன்று ‘ஃப்ளாப்’, நான்காவது ‘டர்ன்’, ஐந்தாவது ‘ரிவர்’. இடையிடையே பந்தயம். பிடிக்காவிட்டால் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். நம் ரம்மிக்காரர்களின் ‘ஸ்கூட்’ அங்கே ‘ஃபோல்ட்’.

வயிறு எரிவது ரிவரில்தான். ஒருவரிடம் இரண்டு ஆஸ், எதிராளியிடம் இரண்டு ராஜா. நான்கு பொதுச் சீட்டு விழுந்தும் இருவருக்கும் உதவவில்லை. கண்ணில் படாத சீட்டுகள் 44. அவற்றில் ராஜா இரண்டே இரண்டு. அதில் ஒன்று வந்து விழுந்தால் மூன்று ராஜா சேர்ந்து ஆஸ் ஜோடியை வென்றுவிடும்: ஆஸ்காரர் ‘ரிவர்டு’. 22-ல் ஒரு தரம் இப்படி நடக்கத்தான் செய்யும் என்று கணக்கு சொல்கிறது. கணக்கு தெரிந்தவருக்கும் ரத்தம் கொதிக்கிறது. அந்தக் கொதிப்பில் கண்மண் தெரியாமல் பந்தயம் கட்டுவது ‘டில்ட்’. பின்பால் இயந்திரத்தைப் பிடித்து உலுக்கினால் ‘டில்ட்’ என்று விளக்கெரிந்து ஆட்டம் நின்றுவிடும். போக்கர் மேஜையில் நிறுத்த யாரும் இல்லை. மற்றவர்களுக்கு அப்போதுதான் நல்ல வரும்படி.

தோல்விக்குப் பரிசும் உண்டு. பல சீட்டு விடுதிகளில் ‘பேட் பீட் ஜாக்பாட்’ என்று ஒரு நிதி சேர்ப்பார்கள். மிகப் பெரிய கை ஒன்று தோற்றால் அந்தத் தொகை பிரியும். வழக்கமாகப் பெரும்பங்கு தோற்றவருக்கு!

கைகளின் செல்லப்பெயர்களிலும் அதே கசப்பு. 221 கைகளுக்கு ஒருமுறை வரும் ஆஸ் ஜோடி ‘ராக்கெட்’. ராஜா ஜோடிக்கு ‘ஏஸ் மேக்னட்’ என்று ஒரு பெயர், அதைப் பிடித்தால் ஆஸ் வந்து கெடுக்கும் என்ற புலம்பலில் பிறந்தது. ஆஸும் ராஜாவும் சேர்ந்தால் ‘அன்னா கூர்னிகோவா’: பார்க்க அழகு, ஜெயிப்பதில்லை. ஒற்றையர் பட்டம் வெல்லாத டென்னிஸ்காரி என்று கேலி. இரட்டையரில் மார்ட்டினா ஹிங்கிஸோடு 1999-லும் 2002-லும் ஆஸ்திரேலிய ஓபனை வென்றவர் அவர். அந்தச் சீட்டுகளும் லேசுப்பட்டவை அல்ல. இரண்டுக்கும் அநியாயம்.

எல்லாவற்றிலும் புகழ்பெற்றது ‘டெட் மேன்ஸ் ஹேண்ட்’, செத்தவன் கை. 1876 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் டெட்வுட் ஊரின் மதுக்கடையில் ஆடிக்கொண்டிருந்த துப்பாக்கி வீரர் வைல்ட் பில் ஹிக்காக்கை, ஜாக் மக்கால் பின்னாலிருந்து சுட்டான். ஹிக்காக் கையில் கறுப்பு ஆஸ் இரண்டும் கறுப்பு எட்டு இரண்டும் இருந்தன என்பார்கள். சீட்டுகளைப் பற்றிய இந்தக் கதை ஊரெங்கும் பரவியது, 50 ஆண்டு கழித்து 1926-ல் வெளியான அவருடைய வாழ்க்கை வரலாற்றால்தான்.

ஜெயித்தவர் பெயரில் ஒரு கை இருக்கிறது: பத்தும் இரண்டும். டாய்ல் பிரன்சன் 1976, 1977 இரண்டு ஆண்டும் போக்கர் உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தை அதை வைத்தே முடித்தார். விவரமறிந்த எவரும் பார்த்ததும் வீசிவிடும் சீட்டுகள் அவை.

ஆட்களுக்கான பெயர்களில் இரக்கமே கிடையாது. எதற்கும் கவிழ்க்காமல் பணம் கட்டிக்கொண்டே இருப்பவர் ‘காலிங் ஸ்டேஷன்’. கஞ்சத்தனமாக ஆடுபவர் ‘நிட்’. ஆடத் தெரியாதவர் ‘ஃபிஷ்’, மீன். அவரிடமே கோடிகள் இருந்தால் ‘வேல்’, திமிங்கிலம். ஆனால் அந்த மீனின் முகத்துக்கு நேரே இதைச் சொல்லக்கூடாது. ‘கண்ணாடித் தொட்டியைத் தட்டாதே’ என்று அதற்கொரு எச்சரிக்கை வைத்திருக்கிறார்கள். மரியாதைக்காக அல்ல. திட்டு வாங்கியவர் எழுந்து போனாலும் நஷ்டம், ரோஷப்பட்டு ஆட்டத்தைக் கற்றுக்கொண்டாலும் நஷ்டம். அதனால், அபத்தமாக ஆடியவர் ரிவரில் ஜெயித்துவிட்டால், கெட்டிக்காரர்கள் ‘நைஸ் ஹேண்ட்’ என்று சிரித்தபடி அடுத்த பந்தயத்துக்குக் காசை எடுத்து வைக்கிறார்கள்.